மூன்றாம் நம்பர் செருப்பு

என் மனைவியின் கால் மிகச் சின்னக் கால் என்று எங்கள் சொந்தக்காரர்களுக்குள் ஒரு பெயர் உண்டு. கல்யாண வீடுகளில் வாசலில் குவிந்து கிடக்கும் செருப்புகளுக்குள் அவளுடையது குழந்தைகளின் செருப்போடு சேர்ந்து கிடக்கும். அவளுடைய அக்கா அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதே இல்லை. "சின்னக்காலு" என்றுதான் கூப்பிடுவார். அந்தக் கால் உண்மையில் அவ்வளவு சின்னது இல்லை என்பது, போன ஆவணி வரைக்கும் எனக்கு மட்டும்தான் தெரியும்.

கல்யாணமான புதிதில் பண்டாரவளைக்குப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்தில் நான் படிப்பித்துக்கொண்டிருந்தேன். அவள் கொழுந்து எடுத்தாள். மலையில் வேலை வெறுங்காலோடுதான்; அதுவரைக்கும் அவள் செருப்பு போட்டதே கிடையாது. அந்தக் காலத்தில் லயத்து வரிசை வீடுகளில் யாருக்காவது செருப்பு வேண்டுமானால், டவுனுக்குப் போகிறவரிடம் ஓர் ஈர்க்கைக் கொடுத்து அனுப்புவார்கள். விளக்குமாற்றிலிருந்து ஒன்றை உருவி, பாதத்துக்கு அடியில் வைத்து, குதிகாலிலிருந்து பெருவிரல் நுனி வரைக்கும் அளந்து ஒடித்தால் அதுதான் அளவு. கடையில் அந்த ஈர்க்கைச் செருப்பின் மேல் வைத்துப் பார்த்து நம்பரைச் சொல்லிவிடுவார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் டவுனுக்குப் புறப்பட்டபோது என் சட்டைப் பையில் ஒரு கட்டு ஈர்க்கு இருந்தது. வாத்தியார் போகிறார் என்று லயத்தில் பலரும் கொடுத்துவிட்டார்கள். யாருடையது எது என்று தெரிவதற்கு ஒவ்வொன்றிலும் வெவ்வேறு நிறத்தில் நூல் கட்டியிருந்தது. என் மனைவியின் ஈர்க்கில் சிவப்பு நூல். டவுனில் இறங்கியதும் ஒரு கடையில் ரொட்டியும் இறைச்சிக் கறியும் சாப்பிட்டேன். பல்லிடுக்கில் இறைச்சி மாட்டிக்கொண்டது. சட்டைப் பையில் கை விட்டேன்.

அந்தக் கட்டிலிருந்து நான் தெரியாமல் ஒன்றை உருவவில்லை. மற்றவர்களுடைய ஈர்க்கை உடைக்கக் கூடாது, அது அவர்கள் நம்பிக் கொடுத்தது என்று யோசித்தேன். சிவப்பு நூலைப் பார்த்ததும், இது நம் வீட்டு ஈர்க்குதானே என்று நிம்மதியாக இருந்தது. நுனியில் ஒரு துண்டை ஒடித்துப் பல்லைக் குத்தினேன். அது மழுங்கிப்போனது. இன்னொரு துண்டு ஒடித்தேன்.

செருப்புக் கடையில் மிச்சமிருந்த ஈர்க்கை வைத்துப் பார்த்த முதலாளி, மூன்றாம் நம்பர் என்றார். கொஞ்சம் கூட்டித் தாருங்கள் என்று சொல்ல எனக்கு வாய் இருந்தது. ஆனால் எவ்வளவு ஒடித்தோம் என்பது நினைவில்லை. அதோடு, ஏன் என்று அவர் கேட்டால், பல்லைக் குத்தினேன் என்று ஒரு வாத்தியார் எப்படிச் சொல்வது? மூன்றாம் நம்பரை வாங்கிக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன்.

அன்று சாயந்தரம் லயத்தில் எல்லோருக்கும் செருப்பு அச்சு வார்த்தமாதிரி பொருந்தியது. அவளுக்கு மட்டும் குதிகால் வெளியே நின்றது.

"ஏங்க, கொஞ்சம் சின்னதா இருக்குங்களே."

எனக்கு அந்த வயதில் வாய் நீளம். "செருப்பு சரியாத்தான் இருக்கு. கடை மொதலாளி ஈர்க்கப் பாத்துட்டு என்ன சொன்னாரு தெரியுமா? இவ்வளவு சின்னக் காலா, இது மகாலட்சுமி காலுன்னாரு. சின்னக் காலுக்கு செருப்பு இப்படித்தான் ஒட்டிப் புடிச்ச மாதிரி இருக்கணுமாம்."

அவள் முகத்தில் அப்போது வந்த சிரிப்பை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. நானும் அவளிடம் அழகு என்று எதையும் சொன்னவனில்லை. மறுநாள் காலை பெரட்டுக் களத்தில், வேலைக்குப் பேர் கொடுக்க வரிசையில் நின்ற பெண்கள் எல்லோருக்கும் டவுன் முதலாளி சொன்ன செய்தி தெரிந்திருந்தது. அவளுடைய அக்கா அன்றைக்கு ஆரம்பித்ததுதான் "சின்னக்காலு".

அதற்குப் பிறகு எங்கே போனாலும் அவள் மூன்றாம் நம்பர்தான் கேட்பாள். நாங்கள் பதுளைக்குக் குடிவந்தபோது அந்த நம்பரும் கூடவே வந்தது. கோயிலுக்குப் போகும் செருப்பும் மூன்று. பிள்ளைகளின் கல்யாணத்துக்கு வாங்கிய செருப்பும் மூன்று. விரல் மடங்கிக்கொண்டது, பெருவிரலுக்குப் பக்கத்தில் எலும்பு புடைத்தது, சுண்டுவிரலில் ஆணி விழுந்தது. சாயந்தரம் வெந்நீரில் உப்புப் போட்டுக் காலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். நான் எதிரே கதிரையில் பேப்பர் படிப்பேன். கொழுந்துக்காரிக் கால், கல்லிலும் முள்ளிலும் நடந்த கால், அப்படித்தான் இருக்கும் என்று அவளே சொல்லிக்கொள்வாள். நானும் ஆமாம் என்பேன். அந்த ஆமாம்தான் இப்போது நினைத்தால் சுடுகிறது.

போன வருடம் அவளுடைய அக்காவுக்குப் பூனாகலைப் பக்கம் ஒரு தோட்டத்தில் தனி வீடு கிடைத்தது. பிறந்ததிலிருந்து லயத்திலேயே இருந்தவர். இரண்டு அறை, சமைக்க ஒரு குசினி, முன்னால் நாலு பாத்தி போடுமளவு நிலம். கொழும்பிலிருக்கும் மகன்தான் ஆள் வைத்துக் கட்டிக் கொடுத்தான். வீடு முடிந்தும் அக்கா குடிபோகவில்லை. காலையும் மாலையும் வீடியோ கோலில் வந்து வீட்டைச் சுற்றிக் காட்டுவார். காட்டிவிட்டுப் பக்கத்திலிருந்த லயத்துக்கே திரும்பிப் போவார்.

"நீ வந்துதான்டி மொத அடுப்பப் பத்த வைக்கணும். வேற ஒருத்தரும் கைய வைக்கக் கூடாது."

"நான் வந்தா பாத்துக்கலாம்க்கா. நீ மொதல்ல குடி போ."

"ஆவணி முடியிற வரைக்கும் பாப்பேன். அதுக்கப்புறம் பொரட்டாசி. புது வீடு சும்மா கெடக்கட்டும், எலி குடியிருக்கட்டும்."

என் மனைவி போனைக் கவிழ்த்து வைப்பாள். கொழுந்து நிறுக்கிற மடுவம் வரைக்கும்தான் ஆட்டோ போகும். அதற்கு மேல் தேயிலைக்குள் படியும் கல்லுமாக ஒரு குறுக்குப்பாதை. நல்ல காலுக்கு அரை மணி நேரம். அக்காவுக்கு முட்டி போய்விட்டது, இறங்கி வர முடியாது. இவளுக்குக் கால் இப்படி. ஒருவரையொருவர் நேரில் பார்த்து ஒரு வருடத்துக்கு மேலாகிவிட்டது. அக்காவின் பக்கத்து வீட்டுப் பையன்கள் கதிரையில் வைத்துத் தூக்கி வருகிறோம் என்று சொல்லி அனுப்பினார்கள். "நாலு பேரு தூக்கிட்டுப் போறதுக்கு நான் என்ன பொணமா?" என்று அதை அங்கேயே முடித்துவிட்டாள்.

எப்படியாவது நடந்து போய்ச் சேர வேண்டும் என்பதுதான் அவளுக்கு. அதற்காகவே, சர்க்கரை வியாதிக்குப் போகிற சீனி கிளினிக்கில் டொக்டரிடம் காலைக் காட்டினாள். டொக்டர் சிங்களவர், தமிழ் பேச ஆசைப்படுகிறவர். அவள் காலைப் பார்த்தார், கழற்றி வைத்திருந்த செருப்பைப் பார்த்தார்.

"அம்மா, வெறுங்காலோட போக வேணாம். சப்பாத்து போடுங்க. இந்த செருப்பு பொடி. ரொம்ப பொடி."

சிங்களத்தில் பொடி என்றால் சின்னது. பதுளையில் இத்தனை காலம் கடை கண்ணிக்குப் போய் வருகிறவளுக்கு அது தெரியாமல் இருக்காது. ஆனால் மறுநாள் அவள் ஒரு டின் பவுடர் வாங்கி வந்து செருப்பிலும் விரலிடுக்கிலும் கொட்டிக்கொண்டிருந்தாள்.

"என்ன இது?"

"டொக்டர் பொடி போடச் சொன்னாருங்களே."

காதில் அப்படித்தான் விழுந்ததா, அப்படி விழட்டும் என்று விட்டாளா, இன்றைக்கும் எனக்குத் தெரியாது. எனக்குச் சிங்களம் எழுதவும் படிக்கவும் வரும். ஒரே ஒரு சொல்லைத் திருத்த வேண்டியிருந்தது. வாயைத் திறக்கவில்லை. வீடு முழுக்க குழந்தை குளித்த வாசனை அடித்தது.

காலை மூடும் சப்பாத்து வாங்குவதற்குப் பதுளை டவுனில் ஏறாத கடையில்லை. ஒரு கடையில் நின்ற பிள்ளை நல்ல பொறுமைசாலி.

"என்ன நம்பர் ஆன்ட்டி?"

"மூணு."

"லேடீஸ் சப்பாத்து அஞ்சுல இருந்துதான் ஆன்ட்டி வருது. மூணு வேணும்னா சின்னப் பிள்ளைங்க பக்கம்தான் பாக்கணும்."

"சரி, அந்தப் பக்கமே பாப்போம்."

"அஞ்சப் போட்டுத்தான் பாருங்களேன், ஆன்ட்டி."

"அஞ்சா! கல்யாணமான நாள்ல இருந்து எனக்கு மூணுதாம்மா. பண்டாரவளையில ஒரு மொதலாளி அந்தக் காலத்துலயே சொன்னாரு, இவ்வளவு சின்னக் காலத் தான் பாத்ததே இல்லன்னு." கதை வருடத்துக்கு வருடம் கொஞ்சம் வளர்ந்திருந்தது. அந்தப் பிள்ளை என்னைப் பார்த்தது. "அங்கிள், நீங்க சொல்லுங்களேன்."

"அவங்களுக்கு எது சரியோ அதப் பாத்துக் குடும்மா," என்றேன். வாழ்நாள் முழுக்க இலக்கணம் படிப்பித்தவன் பொய்யும் அல்லாத உண்மையும் அல்லாத ஒரு வாக்கியத்தை எவ்வளவு சுலபமாகக் கட்டிவிடுகிறான்!

சின்னப் பிள்ளைகள் பக்கத்தில் மூன்றாம் நம்பரில் இரண்டே சப்பாத்துகள் இருந்தன. ஒன்றில் முன்னால் பூனை முகம், காதோடு. மற்றது ரோஸ் நிறம். அடி எடுத்து வைத்தால் குதிகாலில் சிவப்பும் நீலமுமாக விளக்கு எரியும். பூனை வேண்டாம் என்றாள். விளக்குச் சப்பாத்துக்குள் காலைத் திணித்து எழுந்து நின்றபோது கண்ணில் தண்ணீர் நின்றது.

"வலிக்குதா?"

"இல்ல. புதுசு. போகப் போக எளகிரும்."

கடைக்குள் நடந்து பார்த்தாள். சப்பாத்து வாங்க வந்திருந்த ஒரு குழந்தை விளக்கைப் பார்த்துவிட்டுத் தனக்கும் அதேதான் வேண்டுமென்று அழத் தொடங்கியது. என் மனைவி அதைப் பார்த்துச் சிரித்தாள், நானும் சிரித்தேன்.

ஆவணியில் ஒரு நல்ல நாள் பார்த்துப் புறப்பட்டோம். அவள் பையில் புதுப் பால் சட்டி, வெல்லம், அக்காவுக்கு ஒரு சேலை, அங்கே போய் மாற்றிக்கொள்ள ரப்பர் செருப்பு. என் காலில் நான் வழக்கமாக நடக்கப் போடும் கன்வஸ் சப்பாத்து, உள்ளே தடித்த மேசு என்கிற காலுறையோடு. மடுவத்தில் ஆட்டோவை விட்டு இறங்கினோம். அந்த நேரத்தில் நல்ல காற்று. மேலே பார்த்தால் அக்காவின் வீட்டு நீலத் தகரக் கூரை தெரிந்தது. முற்றத்தில் அக்கா நிற்பதும் தெரிந்தது.

முதல் படிகளை நன்றாகத்தான் ஏறினாள். ஒவ்வொரு அடிக்கும் குதிகால் எரிந்து எரிந்து அணைந்தது. தேயிலைக்குள் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த பெண்கள் கையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

"வாத்தியாரம்மா, கால்ல என்னங்க, வெசாக் வெளக்குக் கூடா?"

"ஆமாடி, ஒங்க தோட்டத்துல கரண்ட் இல்லன்னு சொன்னாங்க, அதான் கொண்டாந்தேன்."

"அய்யாவுக்கு வெளக்கு இல்லீங்களா?"

"அவரு ஏற்கெனவே பியூஸ் போனவரு."

மலை முழுக்கச் சிரித்தது. அடுத்த வளைவில் பேச்சு நின்றது. அதற்கடுத்த வளைவில் பாதையோரம் ஒரு கல்லில் உட்கார்ந்து சப்பாத்தைக் கழற்றினாள். பெருவிரல் நகத்துக்குக் கீழே இரத்தம் கட்டியிருந்தது. சுண்டுவிரல் ஆணி தோல் கிழிந்து நின்றது. சீனி வருத்தக்காரிக்கு ஒரு சின்னக் காயமும் ஆகாது என்று கிளினிக்கில் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறார்கள். விரலை ஒரு தடவை தொட்டுப் பார்த்தாள். பிறகு பால் சட்டியைப் பையிலிருந்து எடுத்து என்னிடம் நீட்டினாள்.

"நீங்க போங்க. நல்ல நேரம் போயிரும். அக்காவையே பத்த வைக்கச் சொல்லுங்க. நான் இங்கயே இருக்கேன்."

அழாமல், கோபப்படாமல், கடைக்குப் போய் வரச் சொல்வதுபோலச் சொன்னாள். மேலேயிருந்து அக்காவின் குரல் தேயிலையைத் தாண்டி இறங்கியது. மலையில் வளர்ந்தவர்களின் குரல், மைக் வேண்டாம்.

"ஏய் சின்னக்காலூ! என்னாடி ஒக்காந்துட்ட? பால் திரிஞ்சிரப் போவுது!"

அந்தப் பெயர் அன்றைக்கு வேறுமாதிரிக் கேட்டது.

"அது சின்னக்கால் இல்ல," என்றேன்.

"எது?"

"ஒன் காலு. அது அஞ்சாம் நம்பர் காலா இருக்கும். ஆறாக் கூட இருக்கும்."

"வெயில் தலையில ஏறிருச்சா ஒங்களுக்கு?"

பால் சட்டியைக் கையில் வைத்துக்கொண்டு, நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். ரொட்டி, இறைச்சிக் கறி, சிவப்பு நூல், இரண்டு துண்டு. முடித்த பிறகு அவள் கேட்ட முதல் கேள்விக்கு நான் தயாராக இருக்கவில்லை.

"கட்டு நெறைய ஈர்க்கு இருந்துச்சில்ல? என்னோடதுதான் கையில கெடச்சிதா?"

"மத்ததெல்லாம் அடுத்தவங்களோடது..."

"ம்."

காற்றடித்தது. அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"அப்ப அந்த மொதலாளி சொன்னது?"

"மொதலாளி ஒண்ணும் சொல்லல. நம்பர மட்டுந்தான் சொன்னாரு."

"மகாலட்சுமி காலுன்னது?"

"நான்தான் சொன்னேன். தப்ப மறைக்க."

ரோஸ் சப்பாத்து ஒன்று என் காதுக்குப் பக்கத்தில் பறந்து போனது. என்னைக் குறி வைக்கவில்லை என்று பிறகு சொன்னாள். நான் நம்புவதாகச் சொல்லியிருக்கிறேன். அது தேயிலை மரங்களின் மேல் விழுந்து, உருண்டு, ஒவ்வொரு தட்டுக்கும் சிவப்பும் நீலமுமாக எரிந்துகொண்டே கீழே போனது. கீழிருந்து ஒருத்தி கத்தினாள்.

"வாத்தியாரம்மா! ஒங்க சப்பாத்து இன்னும் எரியுதுங்க! அணைக்கிறது எப்படிங்க?"

என் மனைவியின் தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்துக் கிட்டே போனேன். சிரித்துக்கொண்டிருந்தாள். சிரிப்பு அடங்குமுன்பே முகம் மாறியது.

"கழட்டுங்க."

"எத?"

"ஒங்க சப்பாத்த. மேசையும்."

காயத்தைத் தண்ணீர் ஊற்றித் துடைத்து, கைக்குட்டையைக் கிழித்துச் சுற்றினோம். அவள் தன் மேசுக்கு மேலே என் மேசையும் போட்டுக்கொண்டாள். சப்பாத்தின் முனையில் மிச்சத் துணியைத் திணித்து, கயிற்றை இரண்டு சுற்றுச் சுற்றி இறுக்கிக் கட்டினாள். எழுந்து நின்று விரலை உள்ளே அசைத்துப் பார்த்தாள்.

"வீடு மாதிரி இருக்குங்க உள்ள," என்றாள்.

எனக்கு மிஞ்சியது பையிலிருந்த மூன்றாம் நம்பர் ரப்பர் செருப்பு. போட்டுக்கொண்டேன். குதிகால் பாதி வெளியே, விரல்கள் முன்னால் தரையில். வார் விரலிடுக்கை அறுத்தது. ஏற்றத்தில் ஒவ்வொரு கல்லும் குதிகாலைத் தேடி வந்து குத்தியது. கொஞ்ச தூரத்திலேயே எனக்கு மூச்சு வாங்கியது, வயதால் மட்டுமல்ல.

"இதப் போட்டுக்கிட்டு எப்படி நடந்த இத்தன வருசம்?"

"பேசாம நடங்க. மகாலட்சுமி காலு நோகும்."

அக்கா முற்றத்து ஓரத்தில் கம்பை ஊன்றி நின்றார். தங்கையை விட்டுவிட்டு என் காலைத்தான் முதலில் பார்த்தார்.

"என்ன மாப்ள இது கோலம்? வழியில யாரும் உரிச்சிட்டாங்களா?"

"இரு, சொல்றேன்," என்று என் மனைவி ஆரம்பித்தாள். நல்ல நேரம் போகிறது என்று நான் சொல்லிப் பார்த்தேன். இரண்டு பேரும் கேட்கவில்லை. பாதிக் கதையில் அக்கா கம்பைப் போட்டுவிட்டு வாசல்படியில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டார். சிரித்து ஓய்ந்து கண்ணைத் துடைத்த பிறகு அவருக்கு ஒரு சந்தேகம் வந்தது.

"அந்தக் கட்டுல என் ஈர்க்கும் இருந்துச்சே. பச்ச நூலு. எனக்கு செருப்பு அப்படியே பொருந்துச்சே."

"ஒன்னோடத ஒடைக்க மனசு வரலயாம். பொண்டாட்டியோடதுன்னா பல்லுக் குத்தலாமாம்."

அக்கா என்னைப் பார்த்தார். சிரிப்பு முகத்தில் இருந்தது, கண்ணில் இல்லை. "நல்லாப் படிச்ச மனுசன் மாப்ள நீங்க," என்று மட்டும் சொன்னார். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

அடுப்பை என் மனைவிதான் பற்ற வைத்தாள். பால் நன்றாகப் பொங்கி வழிந்தது. நல்ல நேரத்துக்குள்தானா என்று நான் மணியைப் பார்க்கவில்லை. வெல்லம் போட்ட பாலை ஊற்றிக் கொடுத்தபோது அக்கா கேட்டார்: "இனிமே ஒன்ன நான் என்னன்னுடி கூப்புடறது?"

"அம்மா அப்பா ஒரு பேரு வச்சாங்கல்ல. அதச் சொல்லிக் கூப்புடு."

அக்கா அந்தப் பெயரைச் சொல்லிப் பார்த்தார். வாய்க்குப் பழகவில்லை. மறுபடியும் சொல்லிப் பார்த்தார். இரண்டு பேரும் சிறுமிகள்போலச் சிரித்தார்கள்.

விஷயம் சிரிப்போடு முடிந்தது என்று நினைத்தேன். முடியவில்லை. திரும்பி வரும்போது பஸ்ஸில் அவள் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். வலியைக் கொடுத்ததற்கு அவள் மன்னித்துவிடுவாள் என்று தெரியும்; அவள் அப்படிப்பட்டவள். ஆனால் கல்யாணமானதிலிருந்து அவளிடம் அவள் அழகைப் பற்றி ஒரே ஒரு பேச்சுத்தான் இருந்தது. அது யாரோ ஒரு முதலாளி சொன்னதாக இருந்தவரைக்கும் அவளுடையதாக இருந்தது. அதை நான் அன்றைக்கு ஒரு கல்லின் மேல் வைத்துத் திரும்ப வாங்கிக்கொண்டேன். அதற்குப் பதிலாக நான் எதையும் கொடுக்கவில்லை.

விரல் ஆறியதும், நான் சொல்லாமலே, கடைக்குப் போகலாம் என்றாள். அதே கடை, அதே பிள்ளை.

"ஆன்ட்டி, மூணுல வேற டிசைன் வரலயே."

"அஞ்சு எடும்மா."

அந்தப் பிள்ளை ஒன்றும் கேட்காமல் எடுத்து வந்தது. சாம்பல் நிறம், முன்பக்கம் அகலம், அடி தடிப்பாக, அழுத்தினால் பஞ்சுபோல அமுங்கியது. விளக்கு எதுவும் இல்லை. அவள் காலை விட்டாள். திணிக்க வேண்டியிருக்கவில்லை, கால் தானாக உள்ளே போனது. கயிற்றைக் கட்டிக்கொண்டு அடுக்குகளுக்கு நடுவே நடந்தாள். வாசல் வரைக்கும் போனாள். படியில் இறங்கி நடைபாதையில் கொஞ்ச தூரம் போனாள். பணம் கொடுக்காமல் போகிறாளே என்று அந்தக் கடை முதலாளி எட்டிப் பார்த்தார். திரும்பி வந்து என் முன்னால் ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

"கடிக்கல," என்றாள், தனக்குத்தானே. பிறகு ஒரு சப்பாத்தைக் கழற்றி, மேசையும் கழற்றி, வெறுங்காலை என் பக்கமாக நீட்டினாள். "அந்த மொதலாளி ஒண்ணும் சொல்லல. சரி. நீங்க என்ன சொல்றீங்க?"

அந்தப் பிள்ளை பெட்டியை மடித்துக்கொண்டே காதைக் கொடுத்து நின்றது. நான் அன்றைக்குத்தான் அந்தக் காலைப் பார்த்தேன். மடங்கின விரல், புடைத்த எலும்பு, ஆறிக்கொண்டிருந்த நகம், மெட்டி தேய்த்த தடம், கணுக்காலுக்கு மேலே எந்தக் காலத்திலோ தேயிலைக் கிளை கிழித்த வெள்ளைக் கோடு. பெரிய வார்த்தைகள் பலவும் எனக்குத் தெரியும். எதுவும் இந்தக் காலுக்குப் பொருந்தவில்லை.

"அளவான காலு," என்றேன். "நல்ல அளவான காலு."

அவள் காலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். சொன்னது சரிதானா என்று சோதிக்கிறவள்போல.

"இத அன்னைக்கே சொல்லியிருந்தா, அளவான செருப்பே கெடச்சிருக்கும்," என்றாள். பிறகு அந்தப் பிள்ளையிடம் திரும்பி, "பெட்டி வேணாம்மா, போட்டுக்கிட்டே போறேன்," என்று கயிற்றைக் கட்டத் தொடங்கினாள்.